ஆக்லாந்துல டவுன்ஹவுஸ் வாங்கலாமா? குடியிருக்கிற ஒருத்தியோட ரிவ்யூ

நியூசிலாந்துக்கு வர்ற நம்மாளுங்க ரெசிடென்ஸ் கெடச்ச கையோட கேக்குற கேள்வி இதுதான், டவுன்ஹவுஸ், அதாவது வரிசையா ஒட்டி கட்டுன மாடி வீடு, வாங்கலாமா இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேத்து தனி வீடா பாக்கலாமான்னு. நாங்க மவுண்ட் ராஸ்கில் பக்கம் மூணு பெட்ரூம் டவுன்ஹவுஸ் ஒண்ணு வாங்கி குடியிருக்கோம், குளிர்காலம் வெயில்காலம் ரெண்டையும் இதுக்குள்ளயே பாத்தாச்சு, ஊர்லேந்து அம்மா வந்து தங்கிட்டும் போயாச்சு. மொதல்லயே சொல்லிடுறேன், வாங்கலாம், அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஆனா ஓப்பன் ஹோம்ல, அதாவது விக்கிற வீட்ட தொறந்து காட்டுற நேரத்துல, பாத்தீங்கன்னா எல்லாரும் கிச்சன் கல்லையும் பாத்ரூம் டைல்ஸையும் தடவி பாத்துட்டு ஆஃபர் போட்டுடுறாங்க, இந்த வீட்டோட நல்லது கெட்டது எல்லாமே அடியில இருக்குற மண்ணுலயும் அந்த மண்ணு மேல கவுன்சில், அதாவது இங்கத்த மாநகராட்சி, போட்ட, எடுத்த ரூல்லயும் தான் இருக்கு, அதனால ரிவ்யூவையும் அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வரிசையில ஆறு வீடு. அதுக்கு முன்னாடி அதே எடத்துல பலகையில கட்டுன ஒரே ஒரு பழைய வீடும் சுத்தி புல்தரையும் எலுமிச்ச மரமும் தான் இருந்துச்சு. இந்த ஏரியா பூராவும் அப்படித்தான், 1940, 50கள்ல அரசாங்கம் கட்டுன வீடுங்க, ஒவ்வொண்ணுக்கும் பெரிய பெரிய மனை, இங்கத்த பேச்சுல செக்‌ஷன். ரொம்ப காலமா ஒரு செக்‌ஷன்ல இத்தன வீட்டுக்கு மேல கூடாது, குறைஞ்சது இவ்ளோ நிலம் வேணும்னு கட்டுப்பாடு, ஊரு மட்டும் வளந்துக்கிட்டே போச்சு. 2010 நவம்பர்ல பழைய 8 கவுன்சிலையும் ஒண்ணா சேத்து ஆக்லாந்து கவுன்சில்னு ஒண்ணு ஆக்குனாங்க, அதுவரைக்கும் ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒவ்வொரு பிளான், ஒவ்வொரு சட்டம். அப்புறம் எல்லாத்துக்கும் சேத்து ஒரே பிளான் எழுதணும்னு உக்காந்து, 2013ல வரைவு நோட்டிஃபை பண்ணி, சண்டை சச்சரவு ஹியரிங்லாம் முடிஞ்சு 2016 நவம்பர்ல யூனிட்டரி பிளான் நடைமுறைக்கு வந்துச்சு. குடியிருப்பு நிலத்துல சுமார் முக்கால்வாசிக்கு கட்டுப்பாட்ட தளத்தி விட்டாங்க.

அதுல ஜோன் ஜோனா பிரிச்சிருக்காங்க, இத நீங்க தெரிஞ்சுக்கணும் ஏன்னா வீட்டு விளம்பரத்துல அந்த பேரு தான் போட்டிருக்கும். சிங்கிள் ஹவுஸ் ஜோன்னா பழையபடி ஒரு வீடு தான். மிக்ஸ்ட் ஹவுசிங் சபர்பன்னா 8 மீட்டர் உயரம், ரெண்டு மாடி. மிக்ஸ்ட் ஹவுசிங் அர்பன்னா 11 மீட்டர், மூணு மாடி. டெரஸ் ஹவுசிங் அண்ட் அபார்ட்மென்ட்னா அஞ்சுலேந்து ஏழு மாடி வரைக்கும். நடுவுல இருக்குற ரெண்டு ஜோன்லயும் ஒரு செக்‌ஷனுக்கு இத்தன வீடு தான்ங்குற கணக்கையே எடுத்துட்டாங்க, உயரம், எல்லையிலேந்து தள்ளி கட்டுறது, வெளி எடம், இதெல்லாம் சரியா இருந்தா மூணு வீடு வரைக்கும் நிலத்த இப்படி பயன்படுத்தலாம்னு குடுக்குற ரிசோர்ஸ் கன்சென்ட் கூட வேண்டாம், கட்டுறதுக்கான அனுமதியான பில்டிங் கன்சென்ட் மட்டும் போதும். காரு நிறுத்துற எடம் கட்டாயமா வெக்கணும்ங்குற ரூலும் 2020ல வந்த மத்திய அரசு உத்தரவால 2022ல போயிடுச்சு. அதுக்கு என்ன விலை குடுக்குறோம்னு பின்னாடி சொல்றேன்.

இது வேலை செஞ்சுதான்னு கேட்டா, செஞ்சுது. 2011 வாக்குல ஆக்லாந்து முழுக்க வருஷத்துக்கு 4,000 புது வீட்டுக்கு கூட அனுமதி போகல, 2021, 2022ல வருஷத்துக்கு 20,000ஐ தாண்டுச்சு, அதுல பாதிக்கு மேல இந்த மாதிரி ஒட்டி ஒட்டி கட்டுன வீடுங்க. ஆக்லாந்து யுனிவர்சிட்டியில ரயன் கிரீனவே மெக்ரெவின்னு ஒரு பொருளாதார ஆய்வாளர், இந்த மாற்றம் வராம இருந்திருந்தா வாடகை எங்க போயிருக்கும்னு மத்த ஊருங்களோட ஒப்பிட்டு கணக்கு போட்டாரு, மூணு பெட்ரூம் வாடகை கிட்டத்தட்ட கால்வாசி கம்மியா இருக்குன்னு வந்துச்சு. அந்த கணக்கு போட்ட முறைய ஏத்துக்காத பொருளாதார ஆளுங்களும் இருக்காங்க. எனக்கு என் தெரு தெரியும். ஒரு குடும்பம் இருந்த எடத்துல இப்ப ஆறு குடும்பம், அதுல ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், ஒரு சமோவா குடும்பம், நாங்க. அதே தெருவுல நிலத்தோட இருக்குற தனி வீடு 10 லட்சம் டாலரை தாண்டி போகுது, நாங்க வாங்குனது 9 லட்சத்துக்குள்ள. ஒரு மண்ணோட விலைய ஆறு பேர் பங்கு போட்டுக்கிட்டதால தான் அது நடந்துச்சு. கவுன்சில் அந்த ரூல எடுக்கலன்னா நாங்கல்லாம் இந்நேரம் ஊருக்கு வெளிய ஒரு மணி நேரம் தள்ளி தான் வீடு பாத்திருப்போம், புள்ளைங்க ஸ்கூலுக்கு நடந்து போறத நெனச்சே பாத்திருக்க முடியாது, அதனால இந்த விஷயத்துல கவுன்சிலுக்கு மனசார நன்றி சொல்றேன்.

சரி உள்ள வாங்க. கதகதப்பு தான் மொத பிளஸ். இங்க பழைய வாடகை வீட்டுல ஒரு குளிர்காலம் இருந்தவங்களுக்கு தெரியும், காலைல எந்திரிச்சா ஜன்னல் உள்பக்கம் தண்ணி வழியும், கர்ட்டன் ஓரத்துல கறுப்பா பூஞ்சை புடிக்கும், சின்ன புள்ளைங்களுக்கு இருமல் நிக்கவே நிக்காது. புது டவுன்ஹவுஸ்ல டபுள் கிளேசிங், சுவத்துலயும் கூரையிலயும் நல்ல இன்சுலேஷன், கீழ ஹால்ல ஒரு ஹீட் பம்ப், ஏசி மாதிரி தான் சூடும் குளிரும் குடுக்கும், சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டா போதும் வீடே சூடா இருக்கும். இன்சுலேஷன் விதியை 2022 கடைசியிலேந்து படிப்படியா இன்னும் கடுமையாக்குனாங்க, அதுக்கப்புறம் கன்சென்ட் வாங்குன வீடா பாத்து வாங்குங்க, கன்சென்ட் தேதிய ஏஜென்ட்கிட்ட கேட்டா சொல்லணும். வெயில்காலத்துல மட்டும் இதே விஷயம் உல்டா ஆகுது. மேல் மாடி பெட்ரூம்ல மேற்கு பாத்த பெரிய ஜன்னல், மேல சன்ஷேடு கெடையாது, ஜனவரி சாயங்காலம் அந்த ரூம்ல உக்கார முடியாது. நம்ம ஊர்ல ஜன்னலுக்கு மேல சன்ஷேடு வெக்காம எந்த மேஸ்திரியும் கட்ட மாட்டாரு, இங்க ஏன் இத விட்டுட்டாங்கன்னு எனக்கு புரியவே இல்ல. நாங்க வெளிப்பக்கம் ஒரு துணி பிளைண்ட் மாட்டி, மேலயும் ஒரு ஹீட் பம்ப் போட்டோம், அந்த செலவையும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க.

கிச்சன். ஹாலும் கிச்சனும் ஒண்ணு தான், சுவரே கெடையாது, தாளிச்சா சோபா வரைக்கும் மணக்கும். ஓப்பன் ஹோம் போறப்ப அடுப்புக்கு மேல புகைய இழுக்குற ரேஞ்ச்ஹுட்ட ஆன் பண்ணி, அது காத்த வெளிய தள்ளுதா இல்ல ஃபில்டர் வழியா திரும்ப உள்ளயே விடுதான்னு பாருங்க. வெளி சுவத்துல போய் குழாய் வாயில கை வெச்சா காத்து அடிக்கணும், அடிக்கலன்னா மீன் குழம்பு வெச்ச அன்னிக்கு மாடி கார்பெட் வரைக்கும் வாசனை ஏறிடும். எங்களது வெளிய போகுது, அது பெரிய நிம்மதி. அடுப்பு இன்டக்‌ஷன், அதனால ஊர்லேந்து கொண்டு வந்த அலுமினிய இட்லி குண்டான் வேலைக்கு ஆகல, இரும்பு தோசைக்கல்லு அடி தட்டையா இருந்ததால பிரமாதமா வேலை செய்யுது. கிரைண்டர் வெக்க மாடிப்படிக்கு கீழ இருக்குற அலமாரி சரியா இருந்துச்சு. சாமி ரூம்லாம் எதிர்பாக்காதீங்க, நாங்க ஹால்ல கிழக்கு சுவத்துல ஒரு ஷெல்ஃப் அடிச்சிருக்கோம், அதுக்கு நேர் மேல ஸ்மோக் அலாரம் இல்லாம பாத்துக்கணும், சாம்பிராணி போட்டா கத்திடும்.

பெரியவங்க வர்றதா இருந்தா படிக்கட்டு தான் பெரிய பிரச்சனை. எங்க வீட்டுல கீழ ஹால், ஒரு டாய்லெட், அவ்ளோதான், படுக்குற ரூம் எல்லாம் மாடியில. அம்மாவுக்கு முட்டி வலி, ராத்திரி ஒரு தடவ ஏறுனா காலைல தான் எறங்குவாங்க, தண்ணி சொம்பு, மாத்திரை, ஜபமாலை எல்லாத்தையும் மேலயே கொண்டு போய் வெச்சுக்கிட்டாங்க. கீழ ஒரு பெட்ரூமும் குளிக்கிற பாத்ரூமும் இருக்குற டிசைன் சில எடத்துல வருது, கொஞ்சம் கூட காசு ஆனாலும் நம்ம குடும்பங்களுக்கு அதுதான் சரி. ஒரு ஸ்டார் நான் கொறச்சதுல பாதி இதுக்குத்தான். கட்டுப்பாட்ட எடுத்தாச்சு, வீடும் நெறைய வந்துச்சு, ஆனா பில்டருங்க எல்லாரும் ஒரே அச்சுல ஒல்லியா உயரமா கட்டிட்டு போறாங்க, முட்டி வலிக்காரங்களும் சக்கர நாற்காலிக்காரங்களும் எங்க போவாங்கன்னு யாரும் யோசிக்கிற மாதிரி தெரியல.

வெளி எடம் 20 சதுர மீட்டர், ரூல்ல எவ்ளோ கேட்டிருக்கோ சரியா அவ்ளோ. துணி காயப்போடுற கம்பி, ஒரு சின்ன மேஜை, தொட்டியில கறிவேப்பிலை, கொத்தமல்லி, அதோட முடிஞ்சுது. கறிவேப்பிலைய குளிர்காலத்துல உள்ள தூக்கி வெச்சா பொழச்சுக்கும்.

காரு விஷயம். ஆறு வீட்டுக்கு நாலு பார்க்கிங். கட்டாயம் இல்லன்னதும் பில்டர் அந்த எடத்துல இன்னொரு வீடு கட்டத்தான் பாப்பான், அதனால தான் விலையும் கம்மி ஆகுது, அது எனக்கு புரியுது, நான் அந்த ரூல எடுத்தது சரின்னு தான் சொல்லுவேன். ஆனா மவுண்ட் ராஸ்கில்ல ரயில் கெடையாது, பஸ் தான், ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்டுல ஒரு காரோட சமாளிக்க முடியுமான்னு முதல்ல உக்காந்து பேசுங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல அந்த தெருவுக்கு ஒரு தடவ போய் பாத்துட்டு வாங்க, ஏஜென்ட் காட்டுற நேரத்துல தெரு காலியா தான் இருக்கும். குப்பை நாள்லயும் போய் பாருங்க. ஒரு வீட்டுக்கு சிவப்பு மூடி தொட்டி, மஞ்சள் மூடி தொட்டி, சாப்பாட்டு மிச்சத்துக்கு சின்ன பச்ச தொட்டின்னு மூணு, ஆறு வீட்டுக்கு 18, தேருக்கு காத்திருக்குற கூட்டம் மாதிரி நடைபாதை பூரா நிக்கும், குழந்தை வண்டி தள்ளிக்கிட்டு போற அம்மாக்கள் ரோட்டுல எறங்கி தான் போகணும்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிற எடத்துக்கு வர்றேன், தண்ணி. 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை, ஆக்லாந்துல இருந்த யாரும் மறக்க மாட்டாங்க, ஏர்போர்ட்டுக்குள்ளயே தண்ணி, 4 பேர் செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் பிப்ரவரில கேப்ரியல் புயல். மறுபடி குடியிருக்கவே முடியாத ஆபத்துன்னு முடிவு பண்ணி ஆயிரத்துக்கு மேல வீட்ட அரசாங்கமும் கவுன்சிலும் சேந்து காசு குடுத்து வாங்கிக்கிட்டாங்க. கட்டுப்பாட்ட தளத்துனப்ப பள்ளமான எடமும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு, புல்தரையா இருந்தா மழைய குடிக்கும், அங்க ஆறு கூரையும் கான்கிரீட் வழியும் வந்துட்டா தண்ணி எங்க போகும், பக்கத்து பள்ளத்துக்கு தான் போகும். வேளச்சேரி முடிச்சூர் பக்கம் 2015ல இருந்தவங்களுக்கு இத நான் விளக்கவே வேண்டாம்.

அதனால வீடு புடிச்சிருந்தா மொத வேலையா கவுன்சிலோட ஃப்ளட் வியூவர் மேப்ல அட்ரஸ போடுங்க, இலவசம், லாகின் கூட வேண்டாம். நீல கலர்ல பரவி இருக்குறது ஃப்ளட் பிளெய்ன், அதாவது வெள்ளம் வந்தா தண்ணி நிக்கிற எடம், கோடு கோடா ஓடுறது ஓவர்லேண்ட் ஃப்ளோ பாத், அதாவது குழாய் நெறஞ்சு போனா மழைத்தண்ணி தரை மேல ஓடுற வழி. நம்ம வீட்டு மேல மட்டும் பாக்காம பக்கத்து செக்‌ஷன், தெரு முனை எல்லாத்தையும் பெருசு பண்ணி பாருங்க. அப்புறம் லிம் ரிப்போர்ட், அந்த வீட்ட பத்தியும் நிலத்த பத்தியும் கவுன்சில் வெச்சிருக்குற தகவல், அத கவுன்சில்கிட்ட காசு கட்டி தான் வாங்கணும், சில சமயம் ஏஜென்ட்டே குடுப்பாங்க, குடுத்தாலும் தேதி பழசா இருந்தா நீங்களே புதுசா வாங்குங்க. நாங்க ரொம்ப ஆசைப்பட்ட ஒரு வீட்ட இந்த மேப்ப பாத்துட்டு தான் விட்டோம், கிச்சன்லாம் அவ்ளோ அழகு, என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசவே இல்ல, ஆனா அந்த வீட்டு டிரைவ்வே நேரா நீல கோட்டு மேல இருந்துச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஆஃபர் போடுறதுக்கு முன்னாடியே அட்ரஸ அனுப்பி கேட்டுடுங்க, இன்சூரன்ஸ் இல்லாம பேங்க் லோன் தராது.

அடுத்தது டைட்டில், அதாவது நிலத்தோட உரிமைப் பத்திரம். கவுன்சில் ரூல எடுத்துட்டா எல்லா தடையும் போயிடுச்சுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. நிலத்த மொத மொத பிரிச்சு வித்தவங்க டைட்டில்ல கோவனன்ட்னு எழுதி வெச்சிருப்பாங்க, இத்தன சதுர மீட்டருக்கு கொறஞ்ச வீடு கட்டக்கூடாது, ஒரு வீட்டுக்கு மேல கூடாது, இந்த பொருள்ல தான் சுவரு இருக்கணும், இப்படி. அது தனியார் ஒப்பந்தம், கவுன்சிலால எடுக்க முடியாது, சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் ஒத்துக்கணும் இல்லன்னா கோர்ட்டுக்கு போகணும். ஃப்ளாட் புஷ் மாதிரி புதுசா உருவான எடங்கள்ல இது சகஜம். பின்னாடி ஒரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விடலாம்னு கணக்கு போட்டு செக்‌ஷன் வாங்குறவங்க லாயர உக்காத்தி வெச்சு அந்த பக்கத்த வரி வரியா படிக்க சொல்லுங்க. டவுன்ஹவுஸ்னா இன்னொண்ணும் பாக்கணும், நிலமும் நம்ம பேர்லயே வர்ற ஃப்ரீஹோல்டா, வீடு மட்டும் நம்மது, மிச்சம் பொதுவா இருக்குற யூனிட் டைட்டிலான்னு. யூனிட் டைட்டில்னா பாடி கார்ப்பரேட்னு வீட்டு உரிமையாளர்கள் சங்கம் இருக்கும், வருஷா வருஷம் காசு. ஃப்ரீஹோல்டா இருந்தாலும் பொது டிரைவ்வேல எல்லாருக்கும் பங்கு இருக்கும், அத பாத்துக்க ஒரு சொசைட்டி இருக்கும், அதோட கணக்கையும் விதியையும் வாங்கி படிங்க. எங்களது ஃப்ரீஹோல்டு, சொசைட்டி காசு கொஞ்சம் தான், மீட்டிங்ல எல்லாரும் நல்லா பேசிக்கிறோம்.

கட்டுமான தரம் பில்டருக்கு பில்டர் மாறும். எங்க பில்டர் பேரு வேண்டாம். குடி வந்த கொஞ்ச நாள்லயே மாடி ஷவர் ஓரத்துல சிலிக்கான் விட்டு கீழ சீலிங்ல மஞ்சளா கறை வந்துச்சு, போன் பண்ணா எடுக்கல, போட்டோ எடுத்து தேதியோட மெயில்ல அனுப்புனதுக்கப்புறம் தான் ஆள் வந்தாங்க. வேலை முடிஞ்ச தேதியிலேந்து 12 மாசத்துக்குள்ள நீங்க சொல்ற குறைய பில்டர் சரி பண்ணியே ஆகணும்னு சட்டம் இருக்கு, அதுக்கு மேல 10 வருஷம் வரைக்கும் சில பொறுப்பு தொடரும். அதனால எத சொன்னாலும் எழுத்துல சொல்லுங்க. கட்டட விதிப்படி வேலை முடிஞ்சதுன்னு குடுக்குற கோட் கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் கைக்கு வராம செட்டில்மென்ட், அதாவது மிச்ச காச கட்டி வீட்ட எடுத்துக்குறது, பண்ணாதீங்க. புதுசு தானேன்னு பில்டிங் இன்ஸ்பெக்‌ஷன விட்டுடாதீங்க, 90கள்ல கட்டுன வீடுங்க ஆயிரக்கணக்குல தண்ணி ஒழுகி உளுத்துப் போன கதை இந்த ஊர்ல இன்னும் முடியல.

காசு பக்கம். 2018 சட்டத்துக்கப்புறம் வெறும் ஒர்க் விசாவுல இருக்குறவங்க சாதாரணமா வீடு வாங்க முடியாது, ரெசிடென்ட் ஆகணும். சம்பளத்துலேந்து புடிக்கிற ஓய்வுகால சேமிப்பான கிவிசேவர்ல 3 வருஷம் இருந்திருந்தா 1,000 டாலர விட்டுட்டு மிச்சத்த மொத வீட்டுக்கு எடுக்கலாம். மொத வீட்டுக்கு அரசாங்கம் குடுத்த உதவித்தொகையான ஃபர்ஸ்ட் ஹோம் கிராண்ட்ட 2024 மே மாசம் நிறுத்திட்டாங்க, பழைய வீடியோவ பாத்துட்டு அத நம்பி இருக்காதீங்க. ஃபர்ஸ்ட் ஹோம் லோன்ல 5 சதவீத டெபாசிட்ல வாங்க வழி இருக்கு, வருமான வரம்பு உண்டு. புது வீடா இருந்தா பேங்குங்க டெபாசிட் விஷயத்துல கொஞ்சம் எறங்கி வரும், டவுன்ஹவுஸ் நமக்கு எட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டுதுன்னு சொல்றேன், யாருக்கு எட்டுதுன்னும் சொல்லணும்ல. ரெண்டு சம்பளம் வர்ற எங்கள மாதிரி குடும்பத்துக்கு எட்டுது. கடையில, கிளீனிங்ல ஒரு சம்பளத்துல ஓட்டுறவங்களுக்கு 8 லட்சமும் எட்டாது 7 லட்சமும் எட்டாது. 2013ல ஸ்பெஷல் ஹவுசிங் ஏரியான்னு சில எடங்கள குறிச்சப்ப, சீக்கிரமா அனுமதி வேணும்னா இத்தன சதவீதம் வீட்ட கம்மி விலைக்கு குடுக்கணும்னு நிபந்தனை இருந்துச்சு, யூனிட்டரி பிளான்ல அந்த மாதிரி பொதுவான கட்டாயம் இல்ல. வாடகை ஏறாம புடிச்சு வெக்க நெறைய வீடு வர்றது உதவுது, நான் அத முழுசா நம்புறேன், ஆனா அதோட சேத்து அரசாங்க வீடும் கட்டிக்கிட்டே இருக்கணும். எங்க ஏரியாவுலயே அரசு வீட்டு வாரியமான காயிங்கா ஓரா பழைய வீடுகள எடுத்துட்டு அதே நிலத்துல ரெண்டு மூணு மடங்கு வீடு கட்டுது, அதுல வந்த குடும்பங்களோட புள்ளைங்களும் என் புள்ளையும் ஒரே கிளாஸ்.

இன்னொரு ஆதங்கம், ஊருக்கு நடுவுல பான்சன்பி, கிரே லின் பக்கம் பஸ்ஸு வேலை எல்லாம் கிட்டக்க இருக்கு, ஆனா அங்க பழைய மர வீட்டு அழகு கெடக்கூடாதுன்னு ஸ்பெஷல் கேரக்டர் கட்டுப்பாடு பெரும்பாலும் அப்படியே நின்னுச்சு. எரிமலைக் குன்று தெரியுற பார்வைய மறைக்கக்கூடாதுன்னு இருக்குற உயர வரம்ப நான் மனசார ஏத்துக்குறேன், அது மாவோரி மக்களுக்கு புனிதமான மலை. ஆனா பணக்கார தெரு அழகா இருக்கணும்னு மத்த எல்லாத்தையும் எங்க பக்கமே தள்ளுனது நியாயமா படல. 2025 கடைசியில கவுன்சில் பிளான் சேஞ்ச் 120ன்னு யூனிட்டரி பிளான்ல ஒரு மாற்றத்த முன்மொழிஞ்சுச்சு, வெள்ள ஆபத்து இருக்குற எடத்துல கட்டுப்பாட்ட கூட்டுறது, ரயில் ஸ்டேஷன் பக்கத்துல உயரத்த கூட்டுறது, கிங்ஸ்லாண்ட், மார்னிங்சைட் மாதிரி ஸ்டேஷன் சுத்தி 15 மாடி வரைக்கும். இத தான் நான் மொதல்லேந்தே எதிர்பாத்தேன்.

வாங்கப்போற வீட்டுக்கு வடக்கு பக்கம் என்ன இருக்குன்னும் பாருங்க. இங்க பூமத்திய ரேகைக்கு தெக்கால இருக்கோம், சூரியன் வடக்கு பக்கமா தான் போகும், குளிர்காலத்துல ரொம்ப தாழ்வா. வடக்குல இப்ப ஒரு மாடி பழைய வீடு இருந்தா வெயில் அள்ளிக்கிட்டு வரும், ஆனா அந்த செக்‌ஷனும் உங்க செக்‌ஷனோட அதே ஜோன் தான், நாளைக்கே அங்கயும் 11 மீட்டர்ல ஆறு வீடு வரலாம், அத தடுக்க உங்களால முடியாது, தடுக்க நெனைக்கிறதும் சரியில்ல, நாமளும் அப்படி வந்தவங்க தானே. மிக்ஸ்ட் ஹவுசிங் அர்பன்ல எல்லையில 3 மீட்டர் உயரத்துலேந்து 45 டிகிரி சாய்வுக்குள்ள தான் கட்டணும்னு பழைய பிளான்ல இருக்கு, அத வெச்சு ஒரு பேப்பர்ல கோடு போட்டு பாத்தா ஜூன் மாசம் உங்க ஹால்ல வெயில் விழுமா விழாதான்னு ஓரளவு தெரிஞ்சுடும். வடக்குல ரோடோ பார்க்கோ ஸ்கூல் மைதானமோ இருக்குற வீடு கெடச்சா ஒரு பத்தாயிரம் கூட போனாலும் யோசிக்காம புடிங்க.